வேப்பமர நிலை

தவசி வீடு கட்டப் போகிறார் என்பது கீழப்பொட்டலில் பழைய செய்தி. பாகம் பிரித்த வருஷத்திலிருந்து அவர் கட்டப்போய்க்கொண்டே இருந்தார்.

அண்ணன் சங்கரபாண்டிக்கு வீடு. தம்பி தவசிக்கு மேகாட்டுக் கரிசலில் ஒரு துண்டு நிலம் கூடுதல். வீடு கட்டிக்கொள்ளும் வரைக்கும் தம்பியும் அவர் பெண்டாட்டி முப்பிடாதியும் அண்ணன் வீட்டுத் தெற்குச் சுவரோடு இறக்கியிருந்த ஓலைப்பத்தியில் இருந்துகொள்ளலாம் என்று பேச்சு. தவசி அந்த வருஷமே காட்டில் நின்ற வேப்பமரத்தை வெட்டினார். ஆசாரியை வைத்து வாசலுக்கு நிலை செய்தார். நல்ல கனமான நிலை. அது வந்து மாட்டுத் தொழுவில் சாய்ந்து நின்றதுதான். கோழிகள் அதன் தலைப்பலகையில் அடைந்தன. வீடு மட்டும் எழும்பவில்லை.

தவசியைச் சோம்பேறி என்று யாரும் சொல்ல முடியாது. மாசம் அமையவில்லை. சித்திரை வைகாசியில் ஊரில் ஆட்கள் சும்மா இருப்பார்கள். ஆனால் மண் குழைக்கத் தண்ணீர் இருக்காது, குடிக்கவே கிணற்றைச் சுரண்ட வேண்டும். நிலமும் கை நுழைகிற அகலத்துக்கு வெடித்துக் கிடக்கும். அந்த வெடிப்பில் கடைக்கால் போட்டால் மழைக்கு மண் ஊதிச் சுவரைத் தூக்கிவிடும். ஆடியில் யாரும் நல்ல காரியம் ஆரம்பிப்பதில்லை. ஆவணியில் உழவு, புரட்டாசியில் விதைப்பு, ஐப்பசி கார்த்திகையில் மழையும் களையெடுப்பும். மார்கழி ஆகாது. தை மாசி நல்ல மாசம், கண்மாயில் தண்ணீரும் கிடக்கும். ஆனால் அறுப்பை விட்டுவிட்டு எந்தச் சம்சாரி சுவர் வைப்பான்? அறுப்பு முடிந்து நிமிர்ந்தால் பங்குனி. பங்குனியில் நிலை வைக்கக்கூடாது.

"தை பொறக்கட்டும், பார்ப்போம்" என்பார் தவசி.

"பன்னெண்டு மாசமும் ஆகல. இவருக்குன்னு பதிமூணாவதா ஒரு மாசம் பொறந்து வரணும்" என்பாள் முப்பிடாதி. களத்தில், கிணற்றடியில், கோவில் வாசலில் என்று எங்கே வாய் கொடுத்தாலும் இதைச் சொல்லிச் சிரிக்க வைப்பாள். அவளுக்குப் பெரிய குரல். ஊரில் ஒரு துட்டி விழுந்தால் ஒப்பாரிக்கு முதல் அடி அவளுடையதுதான். மழை வேண்டி மழைக்கஞ்சி எடுக்கும்போதும் அவள்தான் முன்னால் நிற்பாள்.

இப்படியே போய்க்கொண்டிருந்திருக்கும். மழை இரண்டு வருஷம் சேர்ந்தாற்போல் பொய்த்தது. அதற்கடுத்த ஆவணியில், முப்பிடாதியைத் திருநெல்வேலி பெரிய ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டு, தவசி கோவில்பட்டி ஸ்டேஷனில் வந்து இறங்கினார். வயிற்றில் கட்டி. முற்றிப்போய்விட்டது. வீட்டுக்குக் கூட்டிப்போய் வாய்க்கு ருசியாகக் கொடுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது தவசி ஒரு பொட்டலம் கடலைமிட்டாய் வாங்கிவந்து நீட்டினார்.

"என்னது இது?"

"உனக்குத்தான். தின்னு."

"பசிச்ச காலத்துல ஒரு நாளு வாங்கித் தந்தீரா? இப்ப எச்சி இறங்க மாட்டேங்கு, கடலைமிட்டாய் ஒண்ணுதான் கொறச்சலாக்கும்" என்றாள். என்றாலும் ஒரு துண்டை வாங்கி வாயில் ஒதுக்கிக்கொண்டாள். ஊர் வந்து சேரும்வரை அது கரையவில்லை.

அண்ணன் மகள் சங்கரம்மாள் முதல் பேற்றுக்காக விளாத்திகுளத்திலிருந்து வந்திருந்தாள். முப்பிடாதிக்குப் பிள்ளை கிடையாது. சங்கரம்மாளைத் தூக்கி வளர்த்தது பாதி அவள்தான். "சித்தி" என்று ஓடிவந்த சங்கரம்மாள், சித்தியின் முகத்தைப் பார்த்துவிட்டு நடையிலேயே நின்றுவிட்டாள்.

மறுநாள் தவசி மாட்டுக்குக் கூளம் போட்டுக்கொண்டிருக்கும்போது அண்ணன் பெண்டாட்டி பாண்டியம்மாள் வந்து நின்றாள். முந்தானையைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

"கொழுந்தனாரே, நான் ஒண்ணு சொன்னா கோவிக்காதேயும்."

"சொல்லுங்க மதினி."

"இவளுக்கு ஐப்பசியில பேறு. மொதப் பிள்ளை. பச்சை உடம்புக்காரி இருக்க வீட்டுல ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா அவ மாமியா வீட்டுல எங்கள சும்மா விடுவாவளா? முப்பிடாதி எனக்குக் கூடப்பொறந்தவ மாதிரிதான். போகச் சொல்லுதேன்னு நெனைக்காதேயும். நீரே ரோசிச்சுப் பாரும்."

கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். தவசி பத்திக்குள் வந்தார். ஓலைக்கும் சுவருக்கும் காது உண்டு. முப்பிடாதி எல்லாவற்றையும் கேட்டிருந்தாள்.

"அக்கா சொன்னதுல என்ன தப்பு?" என்றாள்.

"நான் ஒண்ணும் சொல்லலையே."

"நீரு என்னைக்குச் சொன்னீரு? நான் சொல்லுதேன், கேளும். இந்தப் பத்தியில நான் செத்தா என்னை எப்படிக் கொண்டு போவீரு? பத்திக்கு ஏது வாசல்? மாட்டுத் தொழு வழியாத்தான் தூக்கணும். செத்த மாட்டைத்தான் அப்படி இழுத்துட்டுப் போவாக. ஊருல எல்லாச் சாவுக்கும் முன்னால நின்னு பாடினவ நான். நான் தொழு வழியாப் போக மாட்டேன்."

"இப்ப எதுக்கு அந்தப் பேச்செல்லாம்?"

"பின்ன எப்ப? தை பொறந்தா பேசுவமா?" மூச்சு வாங்கினாள். "எனக்குன்னு ஒரு வாசல் வையும். அது வழியா என்னைக் கொண்டு போரும். சுவரு கோணலாயிருந்தாலும் சரி, கூரை ஒழுகினாலும் சரி. வாசல் என்னுதா இருக்கணும்."

தவசி துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு அப்போதே காசிராஜன் கொத்தனாரைத் தேடிப் போனார்.

காசிராஜன் வந்து இடத்தைப் பார்த்தார். ஊருக்கு மேற்கே, ஓடைக்கரையை ஒட்டித் தவசிக்கு ஒரு மனை இருந்தது. கடப்பாரையால் இரண்டு இடத்தில் குத்திப் பார்த்தார். வெற்றிலையை மென்றுகொண்டே வானத்தையும் பார்த்தார்.

"அண்ணாச்சி, இத்தனை வருஷம் பொறுத்த ஆளு, ஒரு தை பொறுக்க மாட்டீரா? இது மண்சுவரு வைக்கிற காலமா?"

"தைக்கு அவ இருக்க மாட்டா."

கொத்தனார் மெல்லுவதை நிறுத்தினார். அப்புறம் குரலை இறக்கிச் சொன்னார்.

"ஒமக்குத் தெரியாததா? ஒரு படை மண்ணு வச்சா அது காஞ்ச பெறகுதான் அதுக்கு மேல அடுத்த படை. ஈரத்துல ஏத்தினா சுவரு வயிறு தள்ளிரும். அஞ்சு படை ஏறணும். அதும் காஞ்சாத்தான் கூரைப் பனங்கையைத் தாங்கும். அதுக்குப் பெறகு ஓலை. என்ன கழுத்தைக் குடுத்துச் செஞ்சாலும் ஐப்பசி பாதி ஆயிரும். கூரை ஏறதுக்குள்ள ஒரு மழை விழுந்துதுன்னா..."

"விழாது."

"என்னது?"

"ரெண்டு வருஷமா விழுந்துதா? இந்த வருஷமும் விழாது."

காசிராஜன் வெற்றிலைச் சாற்றை ஓரமாகத் துப்பினார். கரிசல்காட்டுச் சம்சாரி ஒருவன் வாயிலிருந்து இப்படி ஒரு பேச்சை அவர் கேட்டதில்லை.

"இந்த வார்த்தைய வெளிய விட்டுராதேயும் அண்ணாச்சி. ஊருக்குள்ள தெரிஞ்சா கல்லைக் கொண்டு எறிவான்" என்றார். ஆனாலும் வேலையை ஒப்புக்கொண்டார்.

கரிசலைத் தோண்டித் தோண்டிக் கீழே சரளை தட்டுகிற வரைக்கும் போனார்கள். இடுப்பளவு பள்ளம். ஓடைக்குள் ஊற்றுத் தோண்டி, சுரக்கச் சுரக்க இறைத்து, பீப்பாயில் ஊற்றி வண்டியில் கொண்டுவந்தார் தவசி. செவல் மண்ணும் ஓடைச் சவுடும் கலந்து, கம்பந்தட்டையை நறுக்கிப் போட்டு மிதிக்க வேண்டும். முதல் நாள் மிதிக்க ஆள் போதவில்லை. சங்கரபாண்டி வந்தார். வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு சேற்றில் இறங்கினார். அதற்குப் பிறகு எல்லா நாளும் வந்தார்.

ஆவணி கடைசி முகூர்த்தத்தில் நிலை வைத்தார்கள். புரட்டாசி பிறந்துவிட்டால் வைக்கக்கூடாது. முப்பிடாதியை வண்டியில் வைக்கோல் பரப்பிக் கொண்டுவந்தார்கள். நாலு பெண்கள் பிடித்துக்கொள்ள, அவள் நிலைக்கு மஞ்சள் பூசினாள். பூசிக்கொண்டே வந்தவள் தலைப்பலகையை உற்றுப் பார்த்தாள்.

"கோழிப்பீயைக் கூடச் சொரண்டாம நிப்பாட்டியிருக்கேரே."

கூடி நின்றவர்கள் சிரித்தார்கள். தவசி அரிவாளை எடுத்துச் சுரண்டினார். நிலையின் இரண்டு பக்கமும் முட்டுக் கொடுத்து நிறுத்திவிட்டு, அதை ஒட்டிச் சுவர் ஏற ஆரம்பித்தது.

புரட்டாசி வந்தது. இரண்டு வருஷம் பொய்த்தாலும் மூன்றாவது வருஷம் விதைக்காமல் இருக்க யாருக்கும் மனசு வராது. ஊர் முழுக்கப் புழுதியில் விதைத்தார்கள். தவசியும் விதைத்தார். காலையில் மேகாட்டில் கம்பும் உளுந்தும் போட்டுவிட்டு, வெயில் ஏறினதும் மனைக்கு ஓடிவந்து மண் சுமந்தார். பக்கத்து நிலத்துக்காரர்கள் கலப்பையை நிறுத்திவிட்டுக் கிழக்கே மேகம் திரளுகிறதா என்று பார்ப்பார்கள். ஒன்றும் இருக்காது. சலித்துக்கொண்டு மாட்டை ஓட்டுவார்கள். தவசியும் பார்ப்பார். வானம் வெள்ளையாகக் கிடப்பதைக் கண்டதும் அவருக்கு உடம்பு லேசாகும். அடுத்த நிமிஷம் கையிலிருக்கிற விதையைப் பார்ப்பார். முகத்தை யாரும் பார்த்துவிடக் கூடாது என்று குனிந்துகொள்வார்.

இரண்டாம் படை காய்ந்தது. மூன்றாம் படை காய்ந்தது. முப்பிடாதிக்குக் கஞ்சித் தெளிவு மட்டும் இறங்கியது. குதிரைவாலிச் சோறு வேண்டும், கருவாட்டுக் குழம்பு வேண்டும் என்று கேட்பாள். பாண்டியம்மாள் உடனே ஆக்கிக் கொண்டுவருவாள். முப்பிடாதி வாசனை பிடித்துவிட்டு, "நீ தின்னுக்கா, நான் பார்த்துக்கிட்டு இருக்கேன்" என்பாள்.

ஐப்பசி பிறந்தும் ஒரு தூற்றல் இல்லை. மண்ணுக்குள் கிடந்த விதையை எறும்பு தூக்க ஆரம்பித்தது. ஊர்ப் பெண்கள் மழைக்கஞ்சி எடுக்க முடிவு செய்தார்கள். வீடு வீடாகத் தானியம் வாங்கி, உப்பில்லாமல் காய்ச்சி, தெருவில் வைத்துக் குடித்துவிட்டு, பஞ்சம் பிழைக்க ஊரைவிட்டுப் போகிறோம் என்று ஒப்பாரி வைத்துக்கொண்டு எல்லை வரைக்கும் போக வேண்டும். அழுகையைக் கேட்டு வானம் இறங்கும்.

பெத்தம்மாள் தலைமையில் பத்திக்கு வந்தார்கள். "அக்கா, நீ நடக்க வேண்டாம். கட்டில்ல இருந்தபடியே மொத அடியை எடுத்துக் குடு. அதைப் பிடிச்சுக்கிட்டு நாங்க போறோம்" என்றாள் பெத்தம்மாள்.

அந்த நேரம் தவசி முழங்கால் வரைக்கும் சேற்றோடு வந்து நின்றார். நாலாம் படை அன்றுதான் வைத்து முடித்திருந்தது. கூட்டத்தைப் பார்த்ததும் அவருக்கு விளங்கிவிட்டது.

"அவளுக்கு முடியல. வேற யாரையாவது பாடச் சொல்லுங்க" என்றார்.

"வேற யாரு தொண்டை அண்ணாச்சி அதுக்கு ஆகும்? ஒம்ம வெதையும் சேர்த்துத்தானே கெடக்கு."

"முடியலன்னு சொல்லுதேன்ல!"

தவசி சத்தம் போட்டு யாரும் கேட்டதில்லை. பெண்கள் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தார்கள். "செத்த நேரம் வெளிய நில்லுங்கட்டி" என்றாள் முப்பிடாதி. அவர்கள் தொழுப் பக்கம் போனதும் புருஷனைக் கிட்டே கூப்பிட்டாள்.

"எதுக்கு இந்தக் குதி குதிக்கேரு?"

"சுவரு தெறந்து கெடக்குடி. இன்னும் ஒரு படை. கொஞ்சம் காஞ்சா கூரை ஏறிரும். இப்பப் போயி மழையைக் கூப்பிடப் போறியா?"

"போன வருஷம் பாடினேனா?"

"பாடின."

"பேஞ்சுதா?"

அவர் முழங்காலில் காய்ந்திருந்த சேற்றைச் சுரண்டினார்.

"அதுக்கு முந்தின வருஷம்? எல்லை வரைக்கும் அழுதுட்டுப் போயித் தொண்டை கட்டினதுதான் மிச்சம். நான் பாடினா மழை வராதுவே. ரெண்டு வருஷமாப் பார்த்தும் ஒமக்குப் புத்தி வரலையே. நான் பாடாம இருந்தாத்தான் ஒருவேளை வந்து தொலைக்கும்." வறண்ட உதட்டை நக்கிக்கொண்டு சிரித்தாள். "போயி அவளுவளக் கூப்பிடும். ஒம்ம சுவருக்காகத்தான் பாடுதேன்."

தவசிக்கு அது சரியென்று பட்டது. அவர் மறுபடி மனைக்குப் போய்விட்டார்.

முப்பிடாதி சுவரில் சாய்ந்து உட்கார்ந்து முதல் அடியை எடுத்தாள்.

"வெதச்ச வெத மண்ணுக்குள்ள
வெந்து கெடக்குதய்யா...
அழுத கண்ணுத் தண்ணியில
அரைப்பயிரும் வெளையாதய்யா..."

குரல் பழைய மாதிரி எழும்பவில்லை. நடுவில் இரண்டு தடவை அறுந்தது. அறுந்த இடத்தில்தான் பெண்கள் உண்மையாகவே அழுதார்கள். நிறைமாசமாக இருந்த சங்கரம்மாள் வீட்டுக் கதவைப் பிடித்துக்கொண்டு தேம்பினாள். கூட்டம் அந்த அழுகையைக் கீழே விடாமல் எல்லைக்குக் கொண்டுபோனது. முப்பிடாதி அதற்கப்புறம் எழுந்து உட்காரவே இல்லை.

அந்த வாரமே காற்று திரும்பியது. மத்தியானம் புழுக்கம் தாங்கவில்லை. கிழக்கே அடிவானத்தில் கறுத்து ஏறிக்கொண்டு வந்தது. களத்தில் நின்ற ஆட்கள் துண்டை அவிழ்த்து வீசிக் கத்தினார்கள். தவசியும் காசிராஜனும் சங்கரபாண்டியும் சோளத்தட்டையையும் ஓலையையும் சுவர்த் தலையில் போட்டு மூடிக் கல்லை வைத்தார்கள். பாதிச் சுவருக்குத்தான் ஓலை எட்டியது. முதல் துளி பருத்திக்கொட்டை கனத்தில் தவசியின் முதுகில் விழுந்தது.

விட்டுவிட்டுப் பெய்தாலாவது சுவர் நின்றிருக்கும். அது நாலு நாள் அடைமழையாகப் பிடித்துக்கொண்டது. மேலே போட்டிருந்த ஓலையால் பிரயோசனமில்லை. மனையில் தண்ணீர் தேங்கி, சுவர் அடியிலிருந்து இளகியது. வடக்குச் சுவர் முதலில் உட்கார்ந்தது. பிறகு மேற்கு. சத்தமே இல்லை. மண் அப்படியே வழிந்து ஓடைக்குப் போனது. சரளையில் ஊன்றி முட்டுக் கொடுத்திருந்ததால் வேப்பமர நிலை மட்டும் நின்றது. தவசி கக்கத்தில் துண்டை இடுக்கிக்கொண்டு, ஓடைக்கரையில் நனைந்தபடி எல்லாவற்றையும் பார்த்தார். காசிராஜன் அவர் கையைப் பிடித்து இழுத்தார். வரவில்லை.

ஊருக்கு அன்று திருவிழா. பெத்தம்மாள் நனைந்த சேலையோடு ஓடிவந்து முப்பிடாதியின் காலைப் பிடித்துக்கொண்டாள். "ஒன் வாய்க்குத்தான் அக்கா இறங்கியிருக்கு! மேகாடெல்லாம் மொளை விட்டிருக்கு!"

"ரெண்டு வருஷமா வாய் செத்துப்போயிருந்துதாக்கும்" என்றாள் முப்பிடாதி. பெத்தம்மாள் போனதும் புருஷனைப் பார்த்தாள். அவர் தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"சுவரு?"

அவர் தலையை ஆட்டினார்.

"நிலை நிக்குதா?"

"நிக்குது."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

மழை வெறித்த ஒரு காலையில் சங்கரம்மாளுக்கு இடுப்புவலி கண்டது. மருத்துவச்சிக்கு ஆள் போயிற்று. பாண்டியம்மாள் வெந்நீர்ப் பானையை அடுப்பில் ஏற்றிவிட்டுப் பத்திக்கு வந்தாள். ஓலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வாய் கோணியது.

"நீ உள்ள போக்கா. பிள்ளையப் பாரு" என்றாள் முப்பிடாதி. பிறகு தவசியிடம், "தூக்கும்" என்றாள்.

"எங்கட்டி?"

"நம்ம வீட்டுக்கு."

பாண்டியம்மாள் வேண்டாம் என்று சொல்வாள் என்று தவசி எதிர்பார்த்தார். அண்ணன் சொல்வார் என்று எதிர்பார்த்தார். யாரும் சொல்லவில்லை. சங்கரபாண்டி குனிந்து கயிற்றுக்கட்டிலின் கால்மாட்டைப் பிடித்தார். தவசி தலைமாட்டைப் பிடித்தார். கரிசல் காலை வாரியது. ஒவ்வொரு அடிக்கும் மண் காலோடு பெயர்ந்து வந்தது. நடுவழியில் நின்று காலை வழித்துவிட்டு நடந்தார்கள்.

மனையில் காசிராஜன் நாலு கம்பை ஊன்றி ஓலை போட்டிருந்தார். சுவர் இருந்த இடத்தில் கணுக்கால் உயரத்துக்கு மண் மேடு. சங்கரபாண்டி அதைத் தாண்டப் போனார்.

"அங்கன இல்ல" என்றாள் முப்பிடாதி. "வாசல் வழியா."

அவர்கள் சுற்றிக்கொண்டு முன்பக்கம் வந்தார்கள். கட்டில் நிலைக்குள் நேராக நுழையவில்லை. சரித்துப் பிடித்தார்கள். அவள் விழாமலிருக்க நிலைக்காலை ஒரு கையால் பிடித்துக்கொண்டாள். மழை கழுவியும் அதில் மஞ்சள் கொஞ்சம் மிச்சமிருந்தது. உள்ளே கொண்டுவந்து இறக்கினார்கள்.

ஓலைக்குக் கீழே நாலு பக்கமும் திறந்து கிடந்தது. வானம் கழுவிவிட்டது போல இருந்தது. மேகாடு வரைக்கும் விரல்கடை உயரத்துக்குப் பச்சை தெரிந்தது. தவசியின் நிலமும் அதற்குள்தான் இருந்தது.

"வீட்டைப் பெருசாத்தான் கட்டியிருக்கேரு" என்றாள் முப்பிடாதி. "கம்பு மொளைச்சது வரைக்கும் தெரியுதே."

தவசி துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

வெயில் உச்சிக்கு ஏறும் சமயம் ஊருக்குள்ளிருந்து பெத்தம்மாள் வந்தாள். பெண்பிள்ளை, தாயும் பிள்ளையும் சுகம் என்றாள். முப்பிடாதி கேட்டுக்கொண்டாள். "எம் பேரை வச்சிராதீங்கட்டி. வாசலுக்கு அலையும்" என்றாள். அதுதான் அவள் கடைசியாகப் பேசியது. சாயங்கால வெயில் நிலைக்குள் வந்து கட்டிலில் விழுந்தபோது உயிர் இல்லை.

ஒப்பாரிக்கு முதல் அடி எடுக்க ஆள் இல்லை. பெண்கள் ஆளுக்கொரு அடியாக அழுதார்கள். வந்தவர்கள் எந்தப் பக்கத்திலிருந்தும் உள்ளே வந்திருக்கலாம். எல்லாரும் முன்பக்கம் போய், நிலைக்குள் குனிந்துதான் வந்தார்கள். மறுநாள் பாடையையும் அப்படித்தான் எடுத்தார்கள். பிள்ளை பெற்ற வீட்டுத் தீட்டோடு வரமுடியாமல் பாண்டியம்மாள் தெருமுனையில் நின்று மாரில் அடித்துக்கொண்டாள்.

அந்த வருஷம் மாதிரி ஒரு வெள்ளாமையைக் கீழப்பொட்டல் கண்டதில்லை. கதிர் ஒவ்வொன்றும் முழங்கை நீளம். மார்கழிக்குள்ளேயே கம்பு முற்றிவிட்டது. பிறத்தியூர் ஆட்கள் வேலை தேடி வந்திறங்கியதால், தை பிறப்பதற்கு முன்பே அறுப்பு அநேகமாக முடிந்தது. கண்மாயில் தண்ணீர் மறுகால் பாய்ந்தபடி கிடந்தது.

தை முதல் வாரம் காசிராஜன் கொத்தனார் ஓடைக்கரை வழியாக வந்தார். தவசி அந்த நாலு கம்பு ஓலைக்குக் கீழேதான் இருந்தார். பத்திக்குத் திரும்பிப் போகவில்லை. அண்ணன் வந்து கூப்பிட்டும் போகவில்லை. கொத்தனார் காலால் மண்ணை அழுத்திப் பார்த்தார். வெடிப்பு மூடி, நிலம் இறுகி, பதமாக இருந்தது.

"அண்ணாச்சி, எனக்கு நெனவு தெரிஞ்ச நாள்லருந்து இப்படி ஒரு தை வந்ததில்ல. தண்ணி கெடக்கு. மண்ணு பக்குவமா இருக்கு. அறுப்பும் முடிஞ்சு ஆளு சும்மா இருக்கான். எல்லாம் கூடி வந்திருக்கு. நிலை வேற நிக்குது. நீரு ம்னு சொன்னாப் போதும், பங்குனிக்குள்ள..."

சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்திவிட்டார். அவருக்கு அப்போதுதான் நினைவு வந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"ஆமா" என்றார் தவசி. "துட்டி விழுந்து வருஷம் திரும்பலையே. அதுக்குள்ள சுவரு வைக்கக்கூடாதுல்லா."

"கூடாதுதான்."

"அடுத்த தை பொறக்கட்டும். பார்ப்போம்."

தவசி எழுந்து அரிவாளை எடுத்துக்கொண்டார். மேகாட்டில் இன்னும் ஒரு மூலை அறுக்கக் கிடந்தது. கொத்தனார் மண் மேட்டைத் தாண்டி நேராக நடந்தார். தவசி சுற்றிக்கொண்டு முன்பக்கம் போய், தலை இடிக்காமல் குனிந்து, நிலை வழியாக வெளியே வந்தார்.